வெங்காயம் நறுக்கினாலே எந்திரிச்சுப் போயிடறார்: விபத்துக்கப்புறம் வந்த இதுக்கு என்ன வைத்தியமுங்க?

நாமக்கல்காரி:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க வீட்டுக்காரர் லாரி டிரைவர். 19 வருஷமா ஓட்டறார், ஒரு ஆடு கோழி மேலகூட ஏத்துனதில்ல. போன ஆடி மாசம் ஹூப்ளியில இருந்து வெங்காய லோடு ஏத்திக்கிட்டு சேலம் வந்துட்டிருந்தப்ப, தொப்பூர் எறக்கத்துல, இரட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால பிரேக் பிடிக்காமப் போயிருச்சு. முன்னால போன டாரஸ் வண்டி மேல மோதி, கிளீனர் சீட்டுப் பக்கம் மொத்தமா நசுங்கிருச்சு. கிளீனர் பையன் அங்கயே இறந்துட்டான். எங்க ஊருப் பையன்தானுங்க, 20 வயசு. இவருக்கு வலது காலு முறிஞ்சு பிளேட் வெச்சிருக்கு. வண்டியை வெட்டி இவரை வெளிய எடுக்கற வரைக்கும் ரெண்டு மணி நேரம் அந்தப் பையன் பக்கத்துலயே கேபினுக்குள்ள மாட்டிக்கிட்டுக் கெடந்திருக்கார்.

காலு கூடிருச்சு. ஆளுதான் சரியாகல. ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு, தூக்கத்துலயே வலது காலை ஓங்கி ஓங்கி மிதிக்கறார், பிரேக் மிதிக்கற மாதிரி. எழுப்புனா உடம்பெல்லாம் வேர்த்து ஊத்திக் கெடக்கும். நான் யாருன்னு புரியவே கொஞ்ச நேரமாகும். சமையக்கட்டுல வெங்காயம் நறுக்கினா எந்திரிச்சு வாசலுக்குப் போயிடறார். எட்டு மாசமா எங்க வீட்டுல வெங்காயம் இல்லாமத்தான் குழம்பு. பஸ்ஸுல ஏர் பிரேக் ‘புஸ்’ஸுன்னா தூக்கிப் போடுது. சேலம் பக்கம் ஒரு கல்யாணம், பொண்ணோட தாய்மாமன் இவரு, வரமாட்டேன்னுட்டார்.

டீசல் மிச்சம் பிடிக்க எறக்கத்துல நியூட்ரல்ல விட்டியான்னு ஓனர் கேட்டிருக்கார். இவரு விடல, கியர்லதான் வந்தேன்னு ஆயிரம் தடவை சொல்லிட்டார். ஆனா அதைவிட இன்னொண்ணுதான் இவரை அரிக்குது. தர்மபுரி தாண்டுனதும் “நீ கொஞ்சம் தூங்குடா”ன்னு அந்தப் பையன்கிட்ட இவருதான் சொன்னாராம். முழிச்சிருந்தா குதிச்சிருப்பானாம். “போக வேண்டியவன் நான்”னு ரெண்டு தடவை சொல்லிட்டார்.

டாக்டர் ஒருத்தர் தூக்க மாத்திரை எழுதிக் குடுத்தார், அல்பிரசோலம். அந்தச் சீட்டையே வெச்சு நாலு மாசமா வாங்கிப் போடறோம். அதோட சாயங்காலம் குவாட்டரும் ஆரம்பிச்சிருச்சு. நர்சிங் படிக்கற எங்க அண்ணன் மகள், இது பி.டி.எஸ்.டி., அதாவது பெரிய அதிர்ச்சிக்கப்புறம் வர்ற மனநோய் மாதிரி இருக்குதுங்க அத்தைன்னா. இதுக்கு மாத்திரைதானா, வேற வைத்தியம் இருக்குதா? நடந்ததைப் பேச வெச்சா இன்னும் மோசமாயிருமா? பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு நான் எதுக்கு வரணும்னு கேக்கறவரை எப்படிக் கூட்டிட்டுப் போறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


பழைய ஸ்டியரிங்:

தங்கச்சி, 27 வருஷம் நேஷனல் பர்மிட் ஓட்டினவன் சொல்றேன். இது எங்க தொழில்ல எல்லாருக்கும் வர்றதுதான். பயம் பிடிச்சிருக்கு. குணசீலம் கோயில்ல 48 நாள் தங்கச் சொல்லுங்க, மனசு அடங்கும். அதுக்கப்புறம் சின்ன வண்டியா பார்த்து மறுபடி உக்கார வெச்சிருங்க. சும்மா சும்மா அந்தப் பேச்சை எடுக்காதீங்க. மறக்கத்தான் வேணும்.


கடலோரத்தான்:

அக்கா, நான் நாகப்பட்டினம், கீச்சாங்குப்பம். சுனாமி வந்தப்ப எனக்கு 9 வயசு. ஞாயித்துக்கிழமை, காலையில 9 மணி இருக்கும். தங்கச்சி கையைப் பிடிச்சுக்கிட்டு ஓடினேன். தண்ணி மறுபடி வந்தப்ப கை விட்டுப் போச்சு. நான் கருவேல முள்ளுல சிக்கி நின்னேன். அவளுக்கு 5 வயசு.

இன்னிக்கு உங்களுக்கு இதை எழுத முடியுது. 15 வருஷம் யாருகிட்டயும் ஒரு வரி சொன்னதில்ல. மேல ஐயா சொன்ன மாதிரி எங்க வீட்டுலயும் யாரும் அந்தப் பேச்சை எடுக்கல, எனக்காகத்தான். படிப்பு முடிஞ்சதும் கடல் கண்ணுல படாத ஊரா பார்த்து திருப்பூர் வந்து செக்கிங் வேலைக்குச் சேர்ந்துட்டேன். கம்பெனி தொட்டிக்குத் தண்ணி லாரிக்காரர் குழாயைத் திறந்துவிடுவார் பாருங்க, அந்த இரைச்சல் கேட்டா மாடிப்படி ஏறி ஓடுவேன். எதுக்கு ஓடுறேன்னு எனக்கே தெரியாது, மாடிக்குப் போனப்புறம்தான் நினைவு வரும். ஒரு தடவை அப்படி ஓடினதுல ஒரு அக்காவைத் தள்ளிவிட்டு அவங்க கை உடைஞ்சது. அப்புறம்தான், 2019ல, கோயம்புத்தூர்ல ஒரு உளவியலாளர் மேடம்கிட்ட போனேன்.

எனக்குச் செஞ்சது நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சை. அமெரிக்காவுல எட்னா ஃபோவாங்கிறவங்க வகுத்த முறைன்னு மேடம் சொன்னாங்க. வாரம் ஒரு நாள், ஒண்ணரை மணி நேரம், எனக்கு 11 வாரம் ஆச்சு. முதல் நாளே “சொல்லு”ன்னு உக்கார வெக்க மாட்டாங்க அக்கா, அந்தப் பயம் வேணாம். முதல் ரெண்டு வாரம் இது ஏன் வருது, மூச்சை எப்படி மெதுவா விடணும், இது மட்டும்தான். அப்புறம் ஒரு பட்டியல் போடச் சொன்னாங்க. எதையெல்லாம் பார்த்து ஒதுங்குறேன், ஒவ்வொண்ணுக்கும் பயம் நூத்துக்கு எவ்வளவுன்னு. செல்போன்ல சத்தமில்லாம அலை பார்க்கிறது 35. சத்தத்தோட 50. தண்ணி லாரி பக்கத்துல நிக்கிறது 60. பவானி கூடுதுறையில படிக்கட்டுல உக்கார்றது 70. கடல்ல கால் நனைக்கிறது 100. கீழ இருந்து ஒவ்வொண்ணா, பயம் பாதியா குறையிற வரைக்கும் அங்கயே இருக்கணும். பாதியில எந்திரிச்சு ஓடினா மூளை “ஓடினதாலதான் பொழச்சோம்”னு எழுதி வெச்சுக்குமாம்.

மூணாவது வாரத்துல இருந்து கண்ணை மூடிக்கிட்டு அந்தக் காலையை இப்ப நடக்குற மாதிரி சொல்லணும். அதைப் பதிவு பண்ணிக் குடுப்பாங்க, வீட்டுல தினம் கேக்கணும். நாலாவது வாரம் எனக்குக் கனவு அதிகமாயிடுச்சு, விட்டுடலாம்னு பார்த்தேன். இப்படி ஆகும்னு முன்னாடியே சொல்லியிருந்ததாலதான் விடல. நடுவுல, மொத்தக் கதை வேணாம், கை விட்ட அந்த இடத்தை மட்டும் மெதுவா திரும்பத் திரும்பச் சொல்லுன்னாங்க. ஏழாவது வாரமோ எட்டாவதோ, சொல்லிக்கிட்டே வந்தவன், “ஒரு கட்டை வந்து தோளுல அடிச்சுது, கை விட்டுப் போச்சு”ன்னு சொன்னேன். மேடம் ஒண்ணும் பேசல. நானே கண்ணைத் திறந்துட்டேன். அந்தத் தழும்பு இன்னிக்கும் என் தோளுல இருக்கு அக்கா, தினம் குளிக்கிறப்ப கை படுது. அந்தத் தழும்பையும் அவ கை நழுவினதையும் சேர்த்து வெச்சு நான் ஒரு நாளும் யோசிச்சதில்ல. அதுவரைக்கும் “நான் விட்டேன்”னுதான் எனக்குள்ள ஓடிக்கிட்டு இருந்துச்சு.

நான் எதையும் மறக்கல. மார்கழி வந்தா இப்பவும் நெஞ்சு கனக்கும். ஆனா தண்ணி லாரிச் சத்தம் இப்ப தண்ணி லாரிச் சத்தம் மட்டும்தான். அண்ணன் தூக்கத்துல பிரேக் மிதிக்கிறாருன்னு படிச்சதும் எழுதாம இருக்க முடியல.


வார்டு சிஸ்டர்:

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். சகோதரி, முதலில் மாத்திரை விஷயம், அதுதான் அவசரம். அல்பிரசோலம், குளோனசெபாம், டயசெபாம் எல்லாம் ஒரே குடும்பம். போட்டதும் பதற்றம் அடங்கும், தூக்கம் வரும். அடியில் இருக்கிற நோய் ஆறாது, பழக்கமாகிவிடும். பி.டி.எஸ்.டி.க்கு இவற்றைத் தவிர்க்கச் சொல்லித்தான் இப்போது பெரிய சிகிச்சை நெறிமுறைகள் எழுதப்பட்டிருக்கின்றன. குடியோடு சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு அடங்கிவிடும் ஆபத்து உண்டு. ஆனால் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள்! நாலு மாதம் போட்டதைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். குடியையும் மறைக்காமல் சொல்லுங்கள், அதையும் சேர்த்துத்தான் குறைக்க வேண்டும்.

இதற்கென்று கொடுக்கிற மருந்து வேறு. செர்ட்ராலின், பராக்ஸெடின் இரண்டும் பி.டி.எஸ்.டி.க்கென்றே அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. வென்லாஃபாக்சினும் கொடுப்பார்கள். போட்ட அன்றே வேலை செய்யாது, இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரம் குமட்டல், வயிற்றுப் போக்கு இருந்தால் பயப்பட வேண்டாம். எங்களிடம் வருகிறவர்களில் நிறைய பேர் இந்த இடத்தில்தான் “ஒத்துக்கல” என்று நிறுத்திவிட்டுக் காணாமல் போகிறார்கள். கெட்ட கனவுக்கு பிரசோசின் என்ற இரத்த அழுத்த மாத்திரையைச் சில மருத்துவர்கள் சேர்ப்பதுண்டு. 2018இல் முன்னாள் இராணுவத்தினரிடம் நடந்த பெரிய ஆய்வில் அது வெறும் சர்க்கரை மாத்திரையைவிட மேலாகத் தெரியவில்லை, ஆனாலும் சிலருக்குக் கேட்கிறது. எழுந்து நிற்கும்போது தலை சுற்றும், பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்து ஒரு கை என்றால் பேச்சு சிகிச்சை இன்னொரு கை. நான் பார்த்தவரையில் அதுதான் பலமான கை. தம்பி சொன்னது ஒரு முறை. உங்கள் வீட்டுக்காரர் “தூங்குன்னு சொன்னேனே” என்பதிலேயே நிற்கிறார் அல்லவா? அதற்கு நேராகக் கை வைக்கிற முறை ஒன்று உண்டு. காக்னிட்டிவ் பிராசஸிங் தெரபி என்று பெயர், அமெரிக்க உளவியலாளர் பாட்ரீசியா ரெசிக் வகுத்தது, வழக்கமாக 12 அமர்வு. நடந்ததை விவரமாகச் சொல்லாமலேகூட அதைச் செய்யலாம். “என்னாலதான் செத்தான்” என்ற நினைப்பை எழுதி வைத்து, அதற்கு எது சாட்சி, அந்த நேரத்தில் உனக்கு என்ன தெரிந்திருந்தது என்று ஒவ்வொரு வாரமும் விசாரிப்பார்கள். களைத்துப்போன பையனைத் தூங்கச் சொன்னவருக்கு அப்போது தெரிந்தது அவன் களைப்பு மட்டும்தான். நாம் சொன்னால் ஆறுதல் என்று தள்ளிவிடுவார், அவரே எழுதிப் பார்த்துச் சொன்னால் நிற்கும். இன்னொன்று இ.எம்.டி.ஆர். என்கிற கண்ணசைவு சிகிச்சை. 1987இல் ஃபிரான்சின் ஷாபிரோ தொடங்கியது. நினைவை மனதில் வைத்துக்கொண்டே சிகிச்சையாளரின் விரல் அசைவைக் கண்ணால் தொடர வேண்டும். கண்ணை அசைப்பதால்தான் குணமாகிறதா என்பதில் வாதம் உண்டு, குணமாவதில் அவ்வளவு சந்தேகம் இல்லை. எந்த முறை என்பதைவிட, முறையாகப் பயிற்சி பெற்ற ஆள் உங்கள் பக்கத்தில் யார் என்று பாருங்கள்.

பழைய ஸ்டியரிங் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. கோயிலுக்குப் போவதை நான் தடுக்க மாட்டேன், அங்கே கிடைக்கிற அமைதி உண்மையானது. மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. உடனே வண்டியில் ஏற்றுவதும் வேண்டாம். தூக்கம் கெட்டு, அல்பிரசோலம் போட்டுக்கொண்டு ஸ்டியரிங் பிடிப்பது அவருக்கும் எதிரே வருகிறவருக்கும் ஆபத்து.

சகோதரி, “போக வேண்டியவன் நான்” என்றாரே, அதைக் கடந்து போகாதீர்கள். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வீட்டில் பூச்சி மருந்து இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள், மாத்திரை அட்டை உங்கள் கையில் இருக்கட்டும். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இராப்பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். நீங்களே கூப்பிட்டும் கேட்கலாம். சென்னைக்கெல்லாம் அலைய வேண்டாம், மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார், எல்லா மாவட்டத்திலும் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. “பைத்தியக்கார ஆஸ்பத்திரி” என்றால் வர மாட்டார். தூக்கத்துக்குக் காட்டலாம் என்று சொல்லிக் கூட்டிப் போங்கள், அது பொய்யும் இல்லை. அந்தப் பழைய மருந்துச் சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.


வன்னிப்பிள்ளை:

அக்கா, நான் கிளிநொச்சிப் பக்கம். 2009 மே மாசம் யுத்தம் முடியிற வரைக்கும் அதுக்கு உள்ளுக்கதான் இருந்தனாங்கள். எனக்கு எது முதல், எது பிறகு எண்டே தெரியாமக் கிடந்தது. ஷெல் குண்டு விழுந்தது, இடம்பெயர்ந்தது, ஆக்களைப் பறிகொடுத்தது எல்லாம் ஒண்டுக்குள்ள ஒண்டு. அப்பிடிப் பல சம்பவம் பட்ட ஆக்களுக்கு வேற ஒரு முறை இருக்கு, வாழ்க்கைக் கதை சொல்லுற சிகிச்சை. ஜெர்மனியில கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்து ஆக்கள் உருவாக்கினது. நிலத்தில ஒரு கயிறு. ஒரு முனை பிறந்த நாள். நல்லது நடந்த இடத்தில பூ, கெட்டது நடந்த இடத்தில கல்லு. பிறகு ஒவ்வொரு கல்லா எடுத்துக் கதைக்க வேணும். கதைக்கிறதை அவை எழுதி, அடுத்த முறை எங்களுக்கே வாசிச்சுக் காட்டுவினம். என்ர கயிற்றில பூவும் இருந்தது எண்டு எனக்கே அண்டைக்குத்தான் தெரிஞ்சது. அந்தத் தாளுகள் இப்பவும் என்னட்டை இருக்கு.

சுனாமிக்குப் பிறகு எங்கட வடகிழக்கிலயே இதைச் சோதிச்சுப் பார்த்தவை. யுத்தத்திலயும் சுனாமியிலயும் அடிபட்ட 31 பிள்ளையள், 8 தொடக்கம் 14 வயசு, ஆறு முறைதான் சந்திச்சவை. ஒரு பகுதிக்குக் கதை சொல்லல், மற்றப் பகுதிக்குத் தியானமும் உடம்பைத் தளர்த்துற பயிற்சியும். ஆறு மாசத்துக்குப் பிறகு பார்த்தா முதல் பகுதியில 81 சதவீதமும் மற்றதில 71 சதவீதமும் தெளிஞ்சிருந்தினம். அதால மூச்சுப் பயிற்சி, தியானத்தையும் நான் லேசா நினைக்கிறேல்லை.

ஒண்டு மட்டும் கவனம். இதில பயிற்சி இல்லாத ஆக்கள் ஒரே நாளில இருத்தி வைச்சு எல்லாத்தையும் கிண்டிக் கேட்டுட்டுப் போறது ஆறுதல் இல்லை, அது காயத்தைத் திறந்து போட்டுட்டுப் போறது. எங்களுக்கு அப்பிடியும் நடந்தது.

இன்னொண்டு கேக்கலாமோ? யாழ்ப்பாணத்தில மனநல வைத்தியரா இருந்த தயா சோமசுந்தரம், இந்தக் காயம் தனி ஆளுக்கு மட்டும் இல்லை, சனத்துக்கே வாறது, செத்த வீட்டுச் சடங்கு சம்பிரதாயங்களுக்கும் ஆற்றுற பலம் இருக்கு எண்டு எழுதிக்கொண்டே வந்தவர். அண்ணை அந்தப் பொடியன்ர செத்த வீட்டுக்குப் போனவரோ? ஆஸ்பத்திரியில கிடந்திருப்பார் எண்டு நினைக்கிறன்.


நாமக்கல்காரி:

எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடறனுங்க. மூணு நாளா பதில் எழுத முடியல.

வன்னிப்பிள்ளை கேட்டது சரிதானுங்க. அவரு ஆஸ்பத்திரியில கெடந்தார், சாவுக்கும் போகல, காரியத்துக்கும் போகல. அந்தப் பையன் வீடு எங்களுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான். இவரு டீக்கடைக்குக்கூட ஏரிக்கரை சுத்திப் போறார், நான் காத்து வாங்கப் போறார்னு நெனச்சுட்டிருந்தேன்.

பூச்சி மருந்து மாட்டுக் கொட்டாய்ல ரெண்டு டப்பா இருந்துச்சு, அண்ணன் வீட்டுக்குக் குடுத்தனுப்பிட்டேன். சிஸ்டர் சொன்ன மாதிரி நேராவே கேட்டுட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், தோணுச்சு, இப்ப பத்து நாளா இல்லைன்னார். 14416க்கு நான்தான் பண்ணேன், அந்தப் பொண்ணு அரை மணி நேரம் பொறுமையா பேசுச்சு. செவ்வாக்கெழம ஜி.எச்.ல பார்க்கறோம், தூக்கத்துக்குத்தான்னு சொல்லியிருக்கேன். வர்றேன்னுட்டார்.

நேத்து ராத்திரி கடலோரத்தான் எழுதுனதை அவருக்குப் படிச்சுக் காட்டுனேன். நிறுத்தச் சொல்லல. அந்தப் பட்டியலைக் கேட்டுட்டு, “எனக்குத் தொப்பூர் 80 இருக்கும்”னார். அப்ப 100 எதுங்கன்னு கேட்டேன். “அவங்கம்மா மொகத்தைப் பார்க்கறது”ன்னார். எட்டு மாசத்துல அவரு அந்தம்மா பேச்சை எடுத்தது இதுதானுங்க முதல் தடவை. முதல் வருஷத் திதி ஆடியில வருது.

தம்பி, அவரு ஒண்ணு கேக்கச் சொன்னார். அந்தத் தம்பி கடைசியில கடல்ல கால் வெச்சானான்னு.


பழைய ஸ்டியரிங்:

தங்கச்சி, நான் முன்னால எழுதுனதைத் திரும்பப் படிச்சேன். 1998ல சித்தூர் ரோட்டுல எனக்கும் ஒண்ணு நடந்துச்சு. அந்த வளைவு வந்தா ரிட்டயர் ஆகுற வரைக்கும் ரெண்டு ஹாரன் சேர்த்து அடிப்பேன், எதுக்குன்னு எந்தக் கிளீனர்கிட்டயும் சொன்னதில்ல. செவ்வாக்கெழம அவரைக் கூட்டிட்டுப் போங்க. பஸ்ஸு வேணாம்னா நாமக்கல்லுல எனக்குத் தெரிஞ்ச ஆட்டோக்காரர் இருக்கார், சொல்லுங்க.


கடலோரத்தான்:

அண்ணன்கிட்ட சொல்லுங்க அக்கா, வெச்சேன். 2020 பிப்ரவரி, சாயங்காலம். அம்மா பின்னால மணல்ல நின்னாங்க. முதல் அலைக்குத் திரும்பி ஓடி வந்துட்டேன். ரெண்டாவதுக்கும்தான். மூணாவது அலை கணுக்கால் வரைக்கும் வந்துச்சு, நின்னேன். செருப்பைக் கழட்ட மறந்துட்டேன், ஒரு செருப்பை அது இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. இன்னொண்ணை அம்மா எடுத்து வெச்சிருக்காங்க.